வெள்ளாவிக்குப் போகாத துணி

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொள்கிறவர் முந்தின வாரமே இரண்டு கறுப்பு வேட்டி வாங்கி வைத்துவிடுவார். தினம் இரு வேளைக் குளியல், குளியலுக்கு ஒரு துவையல். மண்டல பூஜை நெருங்கும்போது அந்த வேட்டியைக் கறுப்பு என்று சொல்ல வாய் கூசும். மடிப்பில் சாம்பல் ஏறியிருக்கும், கரையோரம் பழுப்பு தட்டியிருக்கும், நடுவில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். ‘மட்டச் சாயம்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். அந்தத் திட்டில் பாதிதான் நியாயம். மீதிப் பாதிக்கு வாளியில் கரைத்த சோப்புத்தூளும், அதைக் கரைக்க இறைத்த தண்ணீரும் பதில் சொல்லியாக வேண்டும்.

சோப்புத்தூளின் பிறவிக் குணத்தை முதலில் பார்த்துவிடலாம். அது வெள்ளைத் துணிக்காகப் பிறந்தது. வண்ணார்கள் உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, இரவெல்லாம் ஆவி கட்டினார்கள். உவர்மண்ணின் சத்து சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. காரமும் சூடும் சேர்ந்து அழுக்கைப் பிரித்தன. மறுநாள் ஆற்று மணலில் விரித்த துணியை வெயில் வெளுத்தது. வண்ணப் புடவைகளை அந்தப் பானைக்கு அருகில் கொண்டுபோக மாட்டார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான், அங்கே மணலுக்குப் பதில் புல்வெளி. 1907இல் ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனம் பெர்சில் என்ற தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோப்பு, சோடா, சிலிக்கேட் ஆகியவற்றோடு சோடியம் பெர்போரேட்டும் அதில் இருந்தது. கொதிநீரில் போட்டால் பெர்போரேட் ஆக்சிஜனை விட்டு வெளுக்கும். புல்வெளியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். பாக்கெட்டில் அடைத்த வெள்ளாவி என்றே அதைச் சொல்லலாம்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் வெண்மையை நோக்கித்தான் போனது. 1929இல் பால் கிரைஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர், குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து எடுத்த எஸ்குலின் என்ற பொருளில் துணியை நனைத்தால் அது வழக்கத்தைவிட வெண்மையாகத் தெரிவதைக் கண்டார். இன்றைய ஒளிர்வூட்டிகளின் தொடக்கம் அது. இந்தியாவில் 1959இல் சர்ஃப் வந்தது. பத்தாண்டு கழித்து அகமதாபாத்திலிருந்து நிர்மா வந்து, சலவைச் சோடாவை முதன்மையாகக் கொண்ட மலிவுத் தூளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விளம்பரங்களில் எல்லாம் பேச்சு வெண்மையைப் பற்றியே. கறுப்புச் சட்டைக்கு நல்ல தூள் எது என்று கடையில் போய்க் கேட்பவர் இந்த நூறாண்டு வரலாற்றுக்கு எதிர்த்திசையில் நின்று கேட்கிறார். அவர் பார்க்க வேண்டியது பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்பதை.

அதற்கு முன், நரைத்துப்போனதாக நாம் நினைக்கும் துணிக்கு உண்மையில் என்ன ஆனது? நரைத்த கறுப்புச் சட்டையின் ஓரத்தையும், அதே வகைப் புதுத் துணி ஒன்றின் ஓரத்தையும் தண்ணீரில் நனைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கறுப்பாகத் தெரிந்தால், பழைய சட்டையின் சாயம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. பருத்தி இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55, காற்றுக்கு 1. இடைவெளி பெரியது என்பதால் ஒளியின் ஒரு பகுதி இழைக்குள் நுழையாமலே மேற்பரப்பில் சிதறித் திரும்பிவிடுகிறது. சாயத்தைத் தொடாமல் திரும்பிய ஒளியில் எல்லா நிறமும் இருக்கும், அதனால் கண்ணுக்கு அது வெள்ளைப் படலம். நீரின் எண் 1.33. இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்ததும் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே போய்ச் சாயத்திடம் மாட்டிக்கொள்கிறது. கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கும்போது கன்னங்கறேல் என்றிருந்த சட்டை காய்ந்ததும் சாம்பலாவது இதனால்தான். நனைத்த பிறகும் பழசு செம்பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் மட்டுமே சாயம் வெளியேறிவிட்டது, அல்லது சிதைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆக, பல சட்டைகளில் நிறம் போகவில்லை, மூடப்பட்டிருக்கிறது. மூடுவது எது?

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் முதல் குற்றவாளி சுண்ணாம்பு. கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்புத்தூளில் உள்ள சோடியம் கார்பனேட் அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். எளிதாகச் சொன்னால் சாக்குக்கட்டிப் பொருள். தூள் தயாரிப்பவருக்கு இது தெரியாததல்ல, வேண்டுமென்றே செய்வது. கால்சியத்தை அப்படி ஓரங்கட்டாவிட்டால் அது டிடர்ஜென்ட்டின் அழுக்கெடுக்கும் மூலக்கூறுகளைப் பிடித்து முடக்கிவிடும். சோடா மலிவு, எண்ணெய்ப் பிசுக்கையும் கரைக்கும், ஒரே கல்லில் மூன்று மாங்காய். ஆனால் படிந்த சுண்ணாம்பு எங்காவது போக வேண்டுமே. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. 500 மில்லிகிராம் உள்ள நீரை 15 லிட்டர் வாளியில் பிடித்தால், அந்த ஒரு வாளிக்குள் ஏழரை கிராம் சுண்ணாம்புக்குச் சமமான சரக்கு இருக்கிறது. அத்தனையும் துணியில் ஒட்டாது, பெரும்பகுதி அழுக்கு நீரோடு சாக்கடைக்குப் போய்விடும். ஒட்டுகிற கொஞ்சம் வெள்ளை வேட்டியில் யார் கண்ணுக்கும் படாது. கறுப்பில் உப்புப் பூத்தது போல் நிற்கும். நுரை வரவில்லையே என்று இன்னொரு கைப்பிடி தூளை அள்ளிப் போடுகிறோம். நுரைக்கும் அழுக்கெடுப்புக்கும் பெரிய உறவில்லை. அந்தக் கைப்பிடியில் வந்த சோடாவையும் சேர்த்து அலசத் தண்ணீர்தான் கூடுதலாகச் செலவாகும்.

சில தூள்களில் சோடாவின் பளுவைக் குறைக்க ஜியோலைட் சேர்க்கிறார்கள். அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் களிமண் வகைப் படிகம். ஆனால் அதுவே நீரில் கரையாத, மைக்ரான் அளவு வெள்ளைத் துகள். சரியாக அலசாவிட்டால் கறுப்புத் துணியில் அதுவும் தங்கும். முன்பு இந்த வேலையைப் பாஸ்பேட் பார்த்தது. அது கால்சியத்தைப் படியவிடாமல் கரைசலிலேயே பிடித்துவைக்கும், துணியில் தூசும் விடாது. ஏரிகளில் பாசி பெருகக் காரணமானதால் பல நாடுகள் அதைக் கட்டுப்படுத்தின. ஏரிக்கு அது நல்லது, சந்தேகமே இல்லை. கறுப்புச் சட்டைக்குத்தான் நட்டம். சோப்புக் கட்டியைத் துணிமேல் நேரடியாகத் தேய்ப்பது இதைவிட மோசம். நம் சந்தையில் கிடைக்கும் டிடர்ஜென்ட் கட்டிகளில் கட்டியின் கெட்டிமைக்காகவும் விலைக்காகவும் கால்சைட், சீனக் களிமண் போன்ற பொடிகள் கலந்திருக்கும். கறுப்புப் பேண்ட்டின் முழங்காலில் வெள்ளைக் கோடு விழுவது அங்கிருந்துதான்.

அடுத்து பஞ்சு. துவைக்கும் கல்லில் அடித்தாலும் பிரஷ் போட்டாலும் மெஷினில் சுழற்றினாலும் பருத்தி நூலின் மேற்புறத்தில் நுண்ணிழைகள் அறுந்து எழுந்து நிற்கும். ஒவ்வொரு நுண்ணிழையும் ஒளியைச் சிதறடிக்கும். சாயம் முழுதாக இருக்கும் துணிகூட இந்தப் பஞ்சுப் படலத்தின் அடியில் மங்கிவிடும். சட்டையைப் புறம் மாற்றித் துவையுங்கள் என்று பெரியவர்கள் சொன்னதன் பயன் இதுதான்: பஞ்சு எழுந்தாலும் உள்பக்கம் எழட்டும்.

எழுந்த பஞ்சைக் கத்தரிக்க ஒரு நொதி உண்டு, பெயர் செல்லுலேஸ். பருத்தியே செல்லுலோஸ்தான் என்பதால், பருத்தியைத் தின்னும் நொதியைச் சலவைத் தூளில் போடுவது துணிச்சலான காரியம். ஜப்பானின் காவோ நிறுவனம் 1987இல் அட்டாக் என்ற செறிவூட்டிய தூளில் கார நீரிலும் வேலை செய்யும் செல்லுலேஸைச் சேர்த்தது. நூலின் உடலுக்குள் நுழைய நொதியின் பெரிய மூலக்கூறுக்கு வழியில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சையே அது முதலில் பிடிக்கும். சில துவையல்களுக்குப் பிறகு படலம் மெலிந்து பழைய கறுப்பு மேலெழுந்து தெரியும். புதுச் சாயம் ஏறவில்லை, திரைதான் விலகியது.

இதே நொதிக் குடும்பம் ஜீன்ஸ் ஆலைகளில் நேர் எதிரான வேலைக்குப் போகிறது என்பது எனக்குப் பிடித்த முரண். 1980களில், ஜீன்ஸைப் பழசாகக் காட்ட எரிமலைக் கல்லோடு உருட்டுவதற்குப் பதில் செல்லுலேஸில் ஊறவைக்கத் தொடங்கினார்கள். ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோ நூலின் வெளி வளையத்தில் மட்டும் ஏறியிருக்கும், நடு நூல் வெள்ளை. மேற்புறத்தைக் கத்தரித்தால் சாயமும் கூடவே போகும். கறுப்பு பனியனின் நூலில் சாயம் உள்வரை ஏறியிருப்பதால் மேற்புறம் கழிந்தாலும் கறுப்பு குறையாது. வீட்டுத் தூளில் நொதியின் அளவு ஆலையோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. ஆனாலும் ஜீன்ஸை வாரம் தவறாமல் துவைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். பாலியஸ்டர் பேண்ட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதன் சாயம் பிளாஸ்டிக் இழைக்குள் கரைந்து கிடக்கிறது, எந்தத் தூளைப் போட்டாலும் பெரிதாக அசையாது.

இனி சாயம் நிஜமாகவே சிதையும் இடத்துக்கு வருவோம். பெர்போரேட்டின் இடத்தை இப்போது பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட் பிடித்துவிட்டது. நீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு தேநீர்க் கறையின் நிற மூலக்கூறை உடைப்பது போலவே சாயத்தின் நிற மூலக்கூறையும் உடைக்கும். இது கறை, இது சாயம் என்று அதற்குப் பேதம் தெரியாது. 60 டிகிரிக்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் ஐரோப்பியத் தூள்களில் டி.ஏ.இ.டி. என்ற ஊக்கியையும் சேர்க்கிறார்கள். அது 40 டிகிரியிலேயே வெளுக்க வைத்துவிடும். அங்கே துணிகள் சீக்கிரம் மங்கியதால், ஊக்கியோடு கூடிய வெளுப்பியைச் சாயம் தாங்குமா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 105-சி09 என்ற தனித் தேர்வு முறையே இருக்கிறது. நாம் பச்சைத் தண்ணீரில் துவைக்கிறவர்கள், நமக்கு ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் நம்மிடம் இன்னொரு பழக்கம் உண்டு: இரவே ஊறப் போட்டுக் காலையில் துவைப்பது. சூட்டில் அரை மணியில் நடப்பதை எட்டு மணி நேர ஊறல் மெதுவாக நடத்திக் காட்டும்.

பிளீச்சிங் பவுடரின் பக்கமே கறுப்பைக் கொண்டுபோகக் கூடாது. விலை மலிந்த கறுப்புப் பருத்தியில் அதிகம் ஏறியிருப்பது கந்தகக் கறுப்பு என்ற சாயம். தண்ணீருக்கும் சோப்புக்கும் அது நன்றாகத் தாங்கும், குளோரினுக்குத் தாங்காது. பட்ட இடம் செம்பழுப்பாகும், அந்தப் பழுப்பு திரும்பாது.

ஒளிர்வூட்டி பற்றிக் கொஞ்சம் மிகையான பயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. பழுத்த வெள்ளையின் மஞ்சளை அந்த நீலம் ஈடுகட்டும். நல்ல அடர் கறுப்பில் இது பெரிதாக எதுவும் செய்துவிடாது. உமிழும் நீலத்தையும் சாயமே பெரும்பாலும் விழுங்கிவிடும். அடிபடுவது சந்தன நிறம், வெளிர் மஞ்சள், காக்கி, இளம்பச்சை. மஞ்சள் கலந்த நிறத்தோடு நீல ஒளி சேர்ந்தால் மஞ்சள் அடங்கி, துணி வெளிறித் தெரியும். பட்டு வேட்டியின் மேல் போடும் சந்தனச் சட்டை சில துவையலில் வேறு நிறமாகிவிட்டதென்றால் சாயத்தைக் குறை சொல்வதற்கு முன் தூளைச் சந்தேகிக்கலாம்.

ஒரு துணியின் சாயம் இன்னொன்றில் ஒட்டுவது தனி வழக்கு. திருப்பூர் பனியனில் ஏறுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். 1954இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இருவர் கண்டது. 1956இல் புரோசியான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதுவரை சாயங்கள் நூலைச் சும்மா பற்றிக்கொண்டிருந்தன. இது செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். ஆனால் சாயத்தொட்டியில் இருக்கும்போதே ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, பிணைப்பில்லாமல் நூலில் ஒட்டிக்கிடக்கும். பட்டறையில் கொதிக்கும் சோப்பு நீரில் பல முறை அலசி அதை நீக்க வேண்டும். அலசலில் மிச்சம் பிடித்தால், பட்டறையில் போக வேண்டியது நம் வீட்டு வாளியில் போகும். முதல் இரண்டு மூன்று துவையலில் கறுப்புத் தண்ணீர் வருவது பெரும்பாலும் இந்த வீண் சாயம். வரட்டும் என்று விடுவதே நல்லது, தனியாகத் துவைத்தால் போதும். அதைத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தால் துணி சரியில்லை, எந்தத் தூளும் காப்பாற்றாது.

கல்லுப்பு போட்ட நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அதன் வேர் பொய்யல்ல. நீரில் பருத்தி எதிர்மின்னூட்டம் பெறும், சாயமும் எதிர்மின்னூட்டம் உடையது, இரண்டும் விலக்கும். உப்பு அந்த விலக்கலைத் தணிப்பதால் சாயப்பட்டறையில் லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பைக் கொட்டுகிறார்கள். வீட்டிலும் உப்பு நீருக்குள் இருக்கும்வரை சாயம் வெளியேறுவது குறையும். அடுத்த முறை உப்பில்லாத நீரில் போட்டதும் பழைய கதைதான். சாயத்தைப் பூட்டும் சக்தி உப்புக்குக் கிடையாது.

வெளியே வந்த சாயம் பக்கத்துத் துணியில் ஏறாமல் தடுக்கும் பொருள் ஒன்று சலவைத் தூளில் உண்டு: பாலிவினைல் பைரோலிடோன். ஜெர்மனியின் வால்டர் ரெப்பே 1930களின் இறுதியில் உருவாக்கிய இந்தப் பாலிமர், இரண்டாம் உலகப் போரில் ரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாகக் காயம்பட்டவர்களின் உடலில் ஏற்றப்பட்டது. காயத்துக்குப் போடும் பழுப்பு நிறப் பெட்டாடினில் அயோடினைப் பிடித்து வைத்திருப்பதும் இதுவே. சலவை நீரில் இது மிதக்கும் சாயத்தைப் பற்றிக்கொள்ளும், அலசும்போது அதோடு போய்விடும். மூலத் துணியில் சாயம் கழிவதை இது தடுக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சாயம் போவதையே பெருமையாக விற்ற கதையும் நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. 1958இல் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் சட்டையாகவும் கோட்டாகவும் விற்றது. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களைப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள், கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்தன. புகார் வெடித்தபோது விளம்பரக்காரர்கள் கதையைத் திருப்பிப் போட்டார்கள்: சாயம் போவதற்கு நாங்கள் உத்தரவாதம், ஒவ்வொரு துவையலிலும் புதுச் சட்டை. வாங்கிய கூட்டம் பெருகியது என்று துணி வணிக உலகம் இன்றும் சொல்லிக்கொள்கிறது. இந்தச் சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்க்காது.

கடையில் நிற்கும்போது என்ன செய்வது? ஐரோப்பாவில் வண்ணத் துணிக்கென விற்கும் தூள்களில் வெளுப்பியும் ஒளிர்வூட்டியும் இருக்காது. செல்லுலேஸும் சாயப் பிடிப்பானும் இருக்கும். அங்கே சட்டப்படி நொதி, ஒளிர்வூட்டி ஆகியவை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொட்டலத்தில் எழுத வேண்டும். நம் பொட்டலங்களில் பெரும்பாலும் அவ்வளவு விவரம் கிடைக்காது. ஒன்று செய்யலாம். ‘வெண்மை’, ‘பளிச்’, ‘கறை நீக்கும் ஆக்சிஜன்’ என்று எதைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்களோ அதை அப்படியே நம்பி, அந்தப் பொட்டலத்தை வெள்ளைத் துணிக்கு என ஒதுக்கிவிடலாம். மீதியை வீட்டில் சோதிக்கலாம். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சிட்டிகைத் தூளை இருட்டில் எவர்சில்வர் தட்டில் வைத்து அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் ஒளிர்வூட்டி இருக்கிறது. வெள்ளைத் தாளில் வைக்காதீர்கள், தாளே ஒளிரும்.

அதைவிடப் பயனுள்ள சோதனை இரண்டு கண்ணாடி டம்ளரில் முடிந்துவிடும். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் நீங்கள் துவைக்கும் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு தூளைக் கலக்கி அரை மணி விடுங்கள். ஆர்.ஓ. டம்ளரில் அடியில் வண்டல் தங்கினால் அது ஜியோலைட்டோ வேறு கரையாப் பொடியோ. ஆர்.ஓ. தெளிந்து, போர் தண்ணீர் மட்டும் பால் கலந்தது போல் கலங்கினால் அது சோடா பிடித்த சுண்ணாம்பு. அந்தத் தூளும் அந்தத் தண்ணீரும் சேர்ந்தால் கறுப்புக்கு ஆகாது. என் கணக்கில் கடின நீர் உள்ள வீட்டில் கறுப்புக்கு நீர்ம டிடர்ஜென்ட்டே மேல். அதில் வெளுப்பி நிலைக்காது என்பதால் பொதுவாகச் சேர்ப்பதில்லை, சோடாவும் கரையாப் பொடியும் இருக்காது. தூளின் பெரிய பலங்களான காரமும் வெளுப்பியும் கறுப்புக்குத் தேவைப்படாதவை. தூளே வேண்டுமென்றால் குறைந்த அளவில் எடுத்து, தனிக் குவளையில் முழுதாகக் கரைத்து, பிறகு துணியைப் போட்டு, ஊறவிடாமல் துவைத்து, ஒரு வாளி கூடுதலாக அலசுங்கள். காயப்போடுவது நிழலில், புறம் மாற்றி; நம் வெயில் எந்த வெளுப்பிக்கும் குறைந்ததல்ல.

ஏற்கெனவே பூத்துப்போன துணிக்கு வினிகர் இருக்கிறது. ஏழரை கிராம் சுண்ணாம்பைக் கரைக்கக் கடையில் விற்கும் 5 விழுக்காட்டு வினிகர் ஏறத்தாழ 180 மில்லி போதும். கடைசி அலசல் வாளியில் ஒரு டம்ளர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி எடுத்தால் வெள்ளைப் பூப்பு விலகும். பிளீச்சிங் பவுடர் பட்ட வாளியில் வினிகரை ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வினிகருக்கும் மசியாமல், நனைத்தாலும் பழுப்பாகவே நிற்கும் துணியை மறுபடி சாயம் தோய்க்கத்தான் கொடுக்க வேண்டும்.